செம்பு நகையைத் துலக்க எது நல்லது: புளியா, எலுமிச்சையா, பொடியா, பாலிஷா?

செம்புக் காப்பு கறுத்துவிட்டது, என்ன போட்டுத் துலக்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். புளி என்பார் ஒருவர். எலுமிச்சைத் தோலை உப்பில் தொட்டுத் தேய் என்பார் இன்னொருவர். பீதாம்பரி, சபீனா, பற்பசை, திருநீறு, பிராஸ்ஸோ என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். யாரும் பொய் சொல்லவில்லை. எதைப் போட்டாலும் சில நிமிடங்களில் கறுப்பு போய்ச் சிவப்பு தெரியத்தான் செய்யும். தேர்ந்தெடுப்பது கடினமாவதும் அதனால்தான். துலக்கிய அன்றைய பளபளப்பை மட்டும் பார்த்தால் எல்லா வழியும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு நகை நிதானமாகப் பழுப்பேறியிருக்கும், இன்னொன்றின் கொக்கி ஓரத்தில் பச்சை பூத்திருக்கும், வேறொன்றில் செதுக்கிய பூவேலையே மழுங்கியிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். துலக்கி முடித்த பிறகு நகையில் என்ன தங்கிவிடுகிறது? துலக்கும்போது நகையிலிருந்து என்ன போய்விடுகிறது? இந்த இரண்டில் முதல் கேள்வியைத்தான் பலரும் கேட்பதே இல்லை.

நம் வீடுகளில் புழங்கும் குறிப்புகள் எல்லாம் பெரும்பாலும் குடத்துக்கும் சொம்புக்கும் பஞ்சபாத்திரத்துக்கும் சொல்லப்பட்டவை. குடம் வழவழப்பானது, வாய் திறந்தது; இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அலசினால் போட்டதெல்லாம் போய்விடும். நகை அப்படி இல்லை. முறுக்கிய கம்பிக்குள் சந்து உண்டு. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு உரசும் இடம் உண்டு. பற்றவைத்த மூட்டு, திருகு, கொக்கி, கல்லுக்கு அடியில் உள்ள குழி என்று தண்ணீர் போய்ச் சேரத் தயங்கும் இடங்கள்தான் அதில் அதிகம். புளியோ உப்போ பொடியோ உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கடினம். குடத்துக்குச் சரியான வழி காப்புக்குச் சரிப்படாமல் போவது இங்கேதான்.

நகை மேல் படிந்திருப்பது என்ன?

எல்லாக் கறையும் ஒன்றல்ல. புதுச் செம்பு காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் செங்கபில நிறத்தில் மெல்லிய ஆக்சைடு படலம் ஆகிறது. நாளாக ஆக அது பழுப்பாகி, கறுப்பு ஆக்சைடும் சேர்கிறது. காற்றில் கந்தகச் சேர்மங்கள் இருந்தால் சல்ஃபைடும் உண்டாகும். வெங்காயம் நறுக்கிய கை, முட்டை, ரப்பர் பேண்டு, சில கூந்தல் சாயங்கள் எல்லாம் செம்பைச் சீக்கிரம் கறுக்க வைப்பது இதனால்தான். இந்தப் பழுப்பும் கறுப்பும் செம்புக்குக் கெடுதல் செய்வதில்லை. இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, அடியில் உள்ள உலோகத்தை ஓரளவு காக்கவும் செய்கின்றன.

பச்சைதான் வேறு கதை. வியர்வையில் உள்ள உப்பும் அமிலங்களும் செம்போடு சேரும்போது வருவது அது. தோலில் படியும் பச்சைக் கறையும் இதே வகைதான். அதற்குப் பயப்பட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். நமைச்சலோ கொப்புளமோ வந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். சுத்தமான செம்பு ஒவ்வாமை தருவது அரிது, கலப்பு உலோகத்தில் உள்ள நிக்கல்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆனால் நகையின் சந்துகளில் தூளாகப் பூக்கும் வெளிர்பச்சை செம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் செம்பில் ஏறும் இந்தப் பச்சையை, அதாவது களிம்பை, உவமையாகச் சொல்வார்கள். செம்பைத் தினமும் கையில் புழங்கியவர்கள் பார்த்துச் சொன்ன உவமை அது. களிம்பைத் தேய்த்து எடுக்கலாம், திரும்ப வரும். வர விடாமல் எவ்வளவு நாள் தள்ளிப்போடுகிறோம் என்பதில்தான் ஒரு வழிக்கும் இன்னொரு வழிக்கும் உள்ள வேறுபாடு.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

புளியைக் கரைக்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். கீழே நான் ஒப்பிடும் வழிகளில் பாதி, சில நகைகளுக்குப் பேச்சுக்கே இடமில்லாதவை.

கவரிங் நகைக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்பு அல்லது பித்தளை, மேலே தங்க முலாம். சிதம்பரம் கவரிங் ஆனாலும் வேறு ஊர் கவரிங் ஆனாலும் அந்த முலாம் மிக மெல்லியது. பொடியோ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் தேய்வது அழுக்கு மட்டுமல்ல, முலாமும்தான். கவரிங் கறுத்திருந்தால் அடியில் உள்ள செம்பு வெளியே வரத் தொடங்கிவிட்டது என்று பொருள். துலக்குவதில் பலன் இல்லை. மறுமுலாம் போடலாமா, விட்டுவிடலாமா என்பதுதான் அங்கே கேள்வி.

முத்தும் பவளமும் பதித்த நகையைப் புளிப்பான எதிலும் போடவே கூடாது. இரண்டும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு பட்டால் அவற்றின் மேற்பரப்பு கரைந்து மங்கிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. நவரத்தின மோதிரத்தில் இந்த இரண்டும் இருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். டர்காய்ஸ், மலக்கைட் கற்களும் புளிப்புத் தாங்காது.

செம்பு கட்டிய ருத்ராட்சத்தை ஊறவைத்தால் கொட்டை நீர் குடித்துப் பருக்கும், பிறகு காயும்போது வெடிக்கும். தாயத்துக்குள் தகடு சுருட்டி அடைத்திருந்தால், உள்ளே போன தண்ணீர் வெளியே வராமல் தகட்டையே அரிக்கும். பழைய நகைபோலத் தெரிய வேண்டுமென்று பட்டறையிலேயே கறுப்பு ஏற்றிய நகைகளும் உண்டு. அவற்றின் குழிகளில் உள்ள கறுப்பு வேண்டுமென்றே வைத்தது. அமிலத்தில் போட்டால் அந்த வேலைப்பாடு முழுக்கப் போய்விடும்.

கடையில் வாங்கிய செம்பு நகை பல மாதமாகியும் புதிதுபோலவே இருக்கிறதா? மேலே நிறமற்ற லாக்கர் பூச்சு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழுவித் துடைத்தாலே போதும். காந்தம் ஒன்று இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். செம்பிலும் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்பு முலாம்.

இந்த வகைகளைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது: பூச்சில்லாத, கல்லில்லாத செம்புக் காப்பு, மோதிரம், வளையல், சங்கிலி. செம்போடு பித்தளையும் வெள்ளியும் சேர்த்து முறுக்கிய மூன்று உலோகக் காப்பும், செம்பு அதிகம் கலந்த ஐம்பொன் நகையும் இதில் ஓரளவு சேரும். அவற்றுக்குரிய எச்சரிக்கையைப் பின்னால் சொல்கிறேன்.

புளியும் எலுமிச்சை உப்பும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டும் சமையலறையில் இருப்பவை, இரண்டும் கறுப்பை எடுப்பவை.

புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், வினிகரில் அசெட்டிக் அமிலம், புளித்த மோரில் லாக்டிக் அமிலம். இந்த மென்மையான அமிலங்கள் ஆக்சைடு படலத்தைக் கரைக்கும். அடியில் உள்ள செம்பைக் கொஞ்ச நேரத்தில் பெரிதாகத் தொடாது. இவை தனியாக வேலை செய்யும்போது சற்று மெதுவாகத்தான் இருக்கும். உப்புச் சேர்த்தால் கதையே வேறு. உப்பில் உள்ள குளோரைடு செம்போடு பிணைந்து, கரையாததையும் கரைய வைக்கும். எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுத் தேய்த்த உடனே கண் முன்னால் சிவப்பு வருவது அதனால்தான். உப்புக் கல் தேய்ப்பதற்கும் உதவுகிறது.

வேகத்தில் எலுமிச்சை உப்புக்கு முதலிடம், சந்தேகமில்லை. ஆனால் குளோரைடு நகையின் சந்தில் தங்கிவிட்டால் அது சும்மா இருப்பதில்லை. செம்போடு சேர்ந்து செம்பு குளோரைடாகி அமர்ந்துவிடும். காற்றில் ஈரம் ஏறும்போது அது பச்சைத் தூளாக மாறும், கூடவே அமிலத்தையும் வெளிவிடும். அந்த அமிலம் மீண்டும் செம்பைத் தாக்கும், மீண்டும் குளோரைடு உண்டாகும். ஒருமுறை தொடங்கினால் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் சுழற்சி இது. அருங்காட்சியகத்தார் இதை வெண்கல நோய் என்பார்கள். மண்ணுக்கடியில் உப்பை உறிஞ்சிய செப்புத் திருமேனிகள் வெளியே எடுத்த பிறகு பச்சையாய்ப் பொடிந்துபோகும் நோய் அது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டதற்குக் காரணமே இப்படிப் பச்சை பூத்த படிமங்களைக் காப்பாற்ற வேண்டியிருந்ததுதான். நம் வீட்டுக் காப்புக்கு அந்த அளவு சேதம் வராது. ஆனால் வேதியியல் ஒன்றுதான். சென்னை, கடலூர், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பும் ஈரமும் இருக்க, நாமே உப்பைச் சந்துக்குள் தேய்த்துவிட வேண்டிய தேவை என்ன?

என் முடிவு இது. குடத்துக்கு உப்பு சேரட்டும், நகைக்கு வேண்டாம். வழவழப்பான, மூட்டே இல்லாத ஒற்றைக் கம்பிக் காப்புக்கு மட்டும், கறுப்பு வேறு எதற்கும் அசையாவிட்டால், உப்பு போடலாம். சங்கிலிக்கும் முறுக்குக் காப்புக்கும் கொக்கி உள்ள எதற்கும் உப்பில்லாத புளிதான்.

புளியிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் புளியை உப்பு சேர்த்துத்தான் ஜாடியில் அடைத்து வைப்போம். அந்தப் புளியை எடுத்தால் எலுமிச்சை உப்பைப் போட்ட கதைதான். கடையில் வாங்கிய உப்பில்லாத புளியில் நெல்லிக்காய் அளவு எடுத்து, வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, நாரும் கொட்டையும் போக வடிகட்டிக்கொள்ளுங்கள். வடிகட்டாமல் அப்படியே உருட்டித் தேய்த்தால் நார் கண்ணிகளுக்குள் மாட்டிக்கொள்ளும். புளிப்பும் இனிப்புமான அந்த நார் அங்கேயே காய்ந்து ஈரத்தை இழுக்கும். வடிகட்டிய சாற்றில் நகையைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மென்மையான பழைய பல்துலக்கியால் லேசாக வருடினால் போதும். இரவு முழுக்க ஊறவைப்பது தவறு. காற்றும் அமிலமும் சேர்ந்தால் நேரம் ஆக ஆக நல்ல செம்பும் கரையத் தொடங்கும். மேற்பரப்பு சொரசொரப்பாகி, முன்னைவிடச் சீக்கிரம் கறுக்கும்.

பாத்திரம் எதுவாக இருக்க வேண்டும்? கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணம். அலுமினியம் கூடாது, கரைந்த செம்பு அதை அரித்துவிடும். மூன்று உலோகக் காப்பை அமிலத்தில் போடும்போது எவர்சில்வர் கரண்டியாலோ இடுக்கியாலோ தொட வேண்டாம். கரைந்திருக்கும் செம்பு, எவர்சில்வரில் உள்ள இரும்பு பட்டவுடன் வெள்ளிப் பகுதியின் மேல் சிவப்பாகப் படிந்துவிடும். வெள்ளி, செம்பு வேலை செய்யும் பட்டறைகளில் அமிலத் தொட்டிக்குள் இரும்பு இடுக்கியை விடமாட்டார்கள், மரமோ செம்போதான். பித்தளைப் பகுதியும் நீண்ட நேரம் அமிலத்தில் கிடந்தால் மேலே உள்ள துத்தநாகம் முதலில் கரைந்து, பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும். ஆகவே கலப்பு நகைக்கு ஊறவைத்தல் இல்லை. பஞ்சில் புளிச்சாற்றைத் தொட்டுத் துடைத்து உடனே கழுவுவதுதான் சரி.

தேய்க்கும் பொடிகள்

இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செம்பு மென்மையான உலோகம். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் அதன் இடம் 3 அளவில். செங்கல் பொடியிலும் மணலிலும் உள்ள குவார்ட்ஸ் 7. அதைப் போட்டுத் தேய்த்தால் கறுப்போடு செம்பும் சேர்ந்து வரும். நல்ல தடிமன் உள்ள அண்டாவுக்கு அது பெரிய இழப்பில்லை. மெல்லிய கம்பியில் செதுக்கிய கோலத்துக்குப் பெரிய இழப்பு. பாத்திரம் விளக்கும் பொடிகளும் இந்த வகையில்தான் சேரும். செம்பு, பித்தளைக்கென்றே விற்கும் பொடிகள் பெரும்பாலும் புளிப்பும் நுண்தூளும் கலந்தவை, அவை பரவாயில்லை. ஆனால் வெள்ளைத் தூள் சந்துகளில் தங்கிவிடும் என்பதால் வழவழப்பான காப்புக்கும் பட்டை மோதிரத்துக்கும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பற்பசை வேண்டாம். சிலவற்றில் உள்ள துகள் செம்பைக் கீறும், எல்லாமே சந்தில் வெள்ளையாகக் காயும். சாம்பல், திருநீறு இரண்டிலும் திருநீறு மென்மையானது. மணல் கலக்காத நல்ல திருநீற்றை உலர்ந்த துணியில் தொட்டு வழவழப்பான காப்பை மெருகேற்றலாம். வெள்ளிக்கு இது நம் வீடுகளில் பழக்கமான வழி, செம்புக்கும் ஒத்துவரும். அலுமினியத் தாளும் சோடாவும் வெந்நீரும் என்று சொல்லப்படும் வழி வெள்ளியின் சல்ஃபைடு கறுப்புக்கு உரியது. செம்புக்கு அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பாலிஷ் திரவம்

பிராஸ்ஸோ போன்ற உலோகப் பாலிஷ்கள் பலவற்றில் அமோனியாவும் நுண்தூளும் எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பானும் இருக்கும். அமோனியா செம்பின் ஆக்சைடை நன்றாகக் கரைக்கும், தூள் மெருகேற்றும். கண்ணாடிபோல் பளபளப்பு வேண்டுமென்றால் வீட்டில் கிடைக்கும் வழிகளில் இதுதான் முன்னால் நிற்கும். புளி கொடுப்பது ரோஜாச் சிவப்பு கலந்த மங்கலான நிறம். பாலிஷ் கொடுப்பது ஒளி. விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளும் பட்டைக் காப்புக்கு நானும் இதையே சொல்வேன்.

பித்தளை கலந்த நகையென்றால் ஒரு பழைய கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் சேமித்து வைத்தவற்றில் இது அதிகம். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, மழைக்கால ஈரம், உறையை வடிவமைத்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம் மூன்றும் சேர்ந்து பித்தளையைப் பிளந்தன என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. முறுக்கி வளைத்த மூன்று உலோகக் காப்பிலும் அப்படியோர் இறுக்கம் பித்தளைக்குள் இருக்கும். ஒருமுறை பாலிஷ் போட்டுத் துடைத்துக் கழுவினால் காப்பு வெடித்துவிடாது. முறுக்கின் சந்தில் பாலிஷைத் தங்க விட்டு, கழுவாமல் பெட்டியில் வைப்பதுதான் ஆபத்து. ஆக, முறுக்குக் காப்புக்கு இது வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் துணியில் தொட்டு மேற்பரப்பில் மட்டும் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

கழிப்பறை ஆசிட்டில் நகையைப் போட்டு எடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மேலே உப்பைப் பற்றிச் சொன்ன எல்லாம் இதற்குப் பன்மடங்கு பொருந்தும், கையும் மூச்சும் கெடும். ஒப்பீட்டிலேயே இதற்கு இடமில்லை.

நகை வேலை செய்யும் பட்டறையில் சக்கரத்தில் கொடுத்து மெருகு போடுவது இன்னொரு வழி. கீறல் விழுந்த தட்டையான காப்புக்கு அதைவிட நல்லது கிடையாது. செதுக்கு வேலை உள்ளதைக் கொடுக்கும்போது, 'மேலாக மெருகு மட்டும் போதும்' என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். சக்கரம் விளிம்புகளை முதலில் தின்னும்.

சோப்பும் பூந்திக்கொட்டையும்

தினமும் போட்டிருக்கும் நகையில் நாம் கறுப்பு என்று நினைப்பதில் கணிசமான பங்கு வெறும் தோல் எண்ணெயும் தூசும் சோப்புப் படிவும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நகையைப் போட்டு மென்மையாகத் துலக்கினால் அவ்வளவும் போய்விடும். பூந்திக்கொட்டைத் தோலை ஊறவைத்துக் கசக்கிய நுரைத் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். நகை கழுவ நம் ஊரில் காலங்காலமாகப் பயன்படுவது அது. இந்த வழியில் நகையிலிருந்து செம்பு போவதில்லை, அலசிய பிறகு நகையில் எதுவும் தங்குவதும் இல்லை. கவரிங்குக்கும், பட்டெனக் கழுவித் துடைத்தால் முத்துப் பவள நகைக்கும் இது ஒன்றே ஏற்றது. பளபளப்பு வராது என்பது மட்டுமே குறை. வாரம் ஒருமுறை இதைச் செய்பவருக்குப் புளி தேவைப்படும் நாள் வெகுவாகத் தள்ளிப்போகும்.

துலக்காமல் விடுவதும் ஒரு வழிதான், நான் அதை மதிக்கிறேன். தினமும் போட்ட செம்பு தோல்பட்டு ஆழ்ந்த பழுப்பாகி, மேடான இடங்களில் மட்டும் மினுமினுக்கும். அந்த அழகு எந்தப் பாலிஷிலும் வராது. தலைமுறை கடந்த நகை, மண்ணில் கிடைத்த பழைய மணி போன்றவற்றைத் துலக்கவே வேண்டாம். பலுசிஸ்தானின் மெஹர்கரில் கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் கிடைத்த செம்பு மணிக்குள், கோத்த பருத்தி நூலின் இழைகள் அழியாமல் இருந்தன. செம்பு அரித்து ஊறிய உப்புகள்தான் அந்த இழைகளைக் காத்தன. அந்த மணியை யாராவது புளி போட்டுத் துலக்கியிருந்தால் பருத்தியின் வரலாற்றில் ஒரு முக்கியமான சான்று சாக்கடைக்குப் போயிருக்கும்.

துலக்கிய பிறகு செய்ய வேண்டியது

எந்த அமிலத்தைப் பயன்படுத்தினாலும் ஒரு கிண்ணம் தண்ணீரில் அரை தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து, அதில் நகையை ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். சந்தில் மிச்சமுள்ள புளிப்பு அடங்கிவிடும். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊரென்றால் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை பாடுபட்டு விலக்கிய உப்பைக் கடைசியில் குழாயிலிருந்து ஏற்றக்கூடாது. உடனே பருத்தித் துணியில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். கல் இல்லாத சங்கிலியென்றால் முடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டில் காட்டலாம். துலக்குவதற்கு என்ன எடுக்கிறோம் என்பதைவிட இந்தப் பத்து நிமிட வேலையில்தான் பளபளப்பின் ஆயுள் இருக்கிறது.

மேலே ஏதாவது பூசலாமா? தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வார்கள். முதல் சில நாட்கள் மினுமினுக்கும். ஆனால் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து பச்சைப் பிசுக்காகும், சந்துகளில் அது நன்றாகவே தெரியும். நான் எண்ணெயைச் சொல்லமாட்டேன். நிறமற்ற நகப்பூச்சு மோதிரத்தின் உட்புறத்துக்கு நல்லது, விரல் பச்சையாவது நிற்கும். வெளிப்புறத்தில் பூசினால் உரசும் இடத்தில் பெயர்ந்து திட்டுத்திட்டாகக் கறுக்கும், பிறகு அசிட்டோன் வைத்து முழுதும் எடுக்க வேண்டியிருக்கும். மெழுகுதான் எனக்குப் பிடித்தது. அருங்காட்சியகங்களில் பயன்படும் நுண்படிக மெழுகு கிடைத்தால் மிக மெல்லிதாகப் பூசித் துணியால் தேய்த்துவிடலாம். அமிலம் இல்லாதது, தேய்ந்தால் மறுபடி பூசலாம்.

மூட்டு வலிக்காகச் செம்புக் காப்பு போடுபவர்கள், பூச்சு பூசினால் பலன் போய்விடுமோ என்று தயங்குவார்கள். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முடக்குவாதம் உள்ள 70 பேரிடம் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவில், செம்புக் காப்பு வலியையோ வீக்கத்தையோ வெறும் நம்பிக்கைக்கு மேலாகக் குறைக்கவில்லை. ஆகவே பூச்சு விஷயத்தில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. மருந்தை நிறுத்தாமல், காப்பை விருப்பத்துக்காகப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, யாருக்கு எது?

தினமும் கழற்றாமல் போடும் காப்பு, மோதிரம்: வாரம் ஒருமுறை சோப்பு, துடைத்தல், பழுப்பை அப்படியே விடுதல். பச்சை தெரிந்தால் மட்டும் உப்பில்லாத புளி, பிறகு சோடா.

விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் வழவழப்பான வளையல்: பாலிஷ் திரவம் அல்லது பொடி, நன்றாகக் கழுவி மெழுகு. சங்கிலி, முறுக்குக் காப்பு: வடிகட்டிய புளிச்சாறு மட்டும், உப்பும் பொடியும் பாலிஷும் வேண்டாம். மூன்று உலோகக் காப்பும் ஐம்பொன்னும்: ஊறவைக்காமல் புளிச்சாற்றுப் பஞ்சால் துடைத்தல். முத்து, பவளம், ருத்ராட்சம், கவரிங்: புளிப்பின் பக்கமே போக வேண்டாம்; முத்துப் பவளத்துக்கும் கவரிங்குக்கும் லேசான சோப்புத் தண்ணீர், ருத்ராட்சத்துக்கும் தாயத்துக்கும் பிழிந்த ஈரத்துணி.

எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காற்றுப் போகாத சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைத் தட்டையாக அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். மருந்துப் புட்டியிலோ செருப்புப் பெட்டியிலோ வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடவே வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்கவே வேண்டாம். அதன் கந்தகம் பட்ட இடம் கோடாகக் கறுத்து நிற்கும், அந்தக் கோட்டை எடுக்க மறுபடியும் புளியைக் கரைக்க வேண்டிவரும்.